பல் ஹைஜீனிஸ்ட் படிக்கலாமா? குடியாத்தம் பொண்ணுக்கு என் பதில்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் குடியாத்தம் பக்கத்துல ஒரு ஊரு. இந்த வருஷம் பிளஸ் டூ பயாலஜி குரூப்ல 471 மார்க். நீட் எழுதினேன், பிடிஎஸ் கூட கிடைக்கிற மாதிரி இல்ல. அப்பா பேர்ணாம்பட்டுல டேனரி வேலை, அம்மா பீடி சுத்துறாங்க. என் அத்தை பொண்ணு நியூஜெர்சில காலேஜ்ல டென்டல் ஹைஜீனிஸ்ட் டிகிரி படிச்சு நல்ல சம்பளத்துல இருக்கா, நீயும் அதையே படின்னு சொல்றா. இங்க ஒரு இன்ஸ்டிட்யூட்ல அதே கோர்ஸ் ஆறு மாசம், 45,000 ரூபா, வேலை கேரண்டின்னு சொல்றாங்க, பத்தாம் தேதிக்குள்ள அட்வான்ஸ் கட்டணுமாம். சேரலாமா? எனக்கு பல் சம்பந்தமா படிக்கணும்னு ஆசை வந்ததே அம்மாவாலதான், வெத்தலை பாக்கு போட்டு போட்டு அவங்க பல்லு ஒரே காரை, இப்போ கொஞ்ச நாளா காரமா சாப்பிட்டா வாய் எரியுதுன்னு வேற சொல்றாங்க. நீங்க சொல்ற மாதிரி செய்றேன்.

பதில்:

கண்ணு, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த அட்வான்ஸ கட்டாத. மத்ததெல்லாம் பொறுமையா பேசலாம்.

நான் ஈறு நோய்ல எம்டிஎஸ்னு பல் மருத்துவ மேல்படிப்பு படிச்சுட்டு காட்பாடில இருபது வருஷத்துக்கு மேல கிளினிக் வெச்சிருக்கேன், ஹைஜீனிஸ்ட் செய்ற பல் சுத்தம் பண்ற வேலைதான் என் வேலையோட பாதி, அதனால இந்தக் கேள்விக்கு பதில் எழுத எனக்கு ஆசையாவே இருக்கு. இந்த வேலையப் பத்தி நம்ம ஊர்ல யாரும் கேக்கறதே இல்ல. டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், பார்மசி, இதுக்கு மேல வீட்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

அந்த ஆறு மாச விஷயத்துக்கு வர்றேன். நம்ம நாட்டுல டென்டல் ஹைஜீனிஸ்ட்ங்கிறது சட்டத்துல எழுதி வெச்சிருக்கிற ஒரு தொழில். 1948ல வந்த பல் மருத்துவர் சட்டத்துலயே யாரு ஹைஜீனிஸ்ட்னு சொல்லியிருக்காங்க, பல் டாக்டரா இல்லாம பல்ல ஸ்கேலிங் பண்றவங்க, அதாவது காரைய சுரண்டி எடுக்கிறவங்க, சுத்தம் பண்றவங்க, பாலிஷ் பண்றவங்க, பல்ல எப்படி பாத்துக்கணும்னு சொல்லிக் கொடுக்கிறவங்க. டாக்டருக்கு ஒரு பதிவேடு இருக்கிற மாதிரி ஹைஜீனிஸ்ட்டுக்கும் தனியா ஒரு பதிவேடு மாநில பல் மருத்துவ கவுன்சில்ல இருக்கு, பல்செட் செய்யுற மெக்கானிக்குக்கும் தனியா ஒண்ணு இருக்கு. அந்தப் பதிவேட்டுல உன் பேர் ஏறணும்னா பல் மருத்துவ கவுன்சில் அங்கீகாரம் கொடுத்த இடத்துல ரெண்டு வருஷம் டிப்ளமா படிச்சிருக்கணும். பிளஸ் டூல சயின்ஸ் குரூப் எடுத்திருந்தா போதும், உனக்கு அது இருக்கு. ஆறு மாசம் படிச்சவங்க பேரு அதுல ஏறாது. அவங்க உனக்கு சொல்லிக் கொடுக்கிறது பல் டாக்டர் பக்கத்துல நின்னு சாமான் எடுத்துக் கொடுக்கிற அசிஸ்டன்ட் வேலையா இருக்கும், அது கௌரவமான வேலைதான், எங்க கிளினிக்கே அவங்களாலதான் ஓடுது, ஆனா அதுக்கு ஹைஜீனிஸ்ட்னு பேர் வெச்சு 45,000 வாங்கறது தப்பு. அசிஸ்டன்ட் வேலைய எந்த கிளினிக்ல சேந்தாலும் சம்பளம் வாங்கிகினே கத்துக்கலாம்.

இத நான் சும்மா சொல்லல. சில வருஷம் முன்னாடி அணைக்கட்டு பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு என்கிட்ட வேலை கேட்டு வந்துச்சு, கையில பெருசா ஒரு சர்ட்டிபிகேட், லேமினேட் பண்ணி, கோல்டு கலர் சீல் வெச்சு. அதுல டென்டல் ஹைஜீனிஸ்ட்னு போட்டிருந்துச்சு. எங்கம்மா படிச்சன்னு கேட்டா ஒரு மாடி ரூம சொல்லுச்சு, அங்க ஒரு பல் சேர் கூட இல்லையாம், எல்லாம் ஸ்கிரீன்ல படம் போட்டுக் காமிச்சாங்களாம். அவங்க அம்மா தாலிக்கொடிய அடகு வெச்சுக் கட்டின பணம். அந்தப் பொண்ணு எங்கிட்ட மூணு வருஷம் அசிஸ்டன்ட்டா வேலை பாத்துச்சு, ரொம்ப கெட்டிக்காரி, கை அவ்ளோ நிதானம், ஆனா பேஷண்ட் வாய்ல காரை சுரண்டுற ஸ்கேலர வைக்க நான் அத விட முடியாது, சட்டம் விடாது. ஒழுங்கா ரெண்டு வருஷம் படிச்சிருந்தா இன்னைக்கு அது வேற நெலமைல இருந்திருக்கும்னு நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

சரி, அத்தை பொண்ணு விஷயம். அவ சொல்றது உண்மைதான், ஆனா அவ சொல்றது அந்த ஊர் கதை. அமெரிக்காவுலதான் இந்த தொழிலே பொறந்துச்சு. கனெக்டிகட் மாநிலத்துல பிரிட்ஜ்போர்ட்னு ஒரு ஊர்ல ஆல்ஃபிரட் ஃபோன்ஸ்னு ஒரு பல் டாக்டர், 1906ல தன்கிட்ட அசிஸ்டன்ட்டா இருந்த ஐரீன் நியூமன்ங்கிற அம்மாவுக்கு பல் சுத்தம் பண்ணக் கத்துக் கொடுத்தார், அவங்கதான் உலகத்துல முதல் ஹைஜீனிஸ்ட். 1913ல அவர் அதுக்குன்னே ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாரு, அங்க படிச்ச பொண்ணுங்கள ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி பசங்க பல்ல சுத்தம் பண்ண வெச்சாரு. நூறு வருஷத்துக்கு மேல வளந்த ஏற்பாடு அது. இப்போ அங்க ஹைஜீனிஸ்ட் ஆகணும்னா அங்கீகாரம் வாங்கின காலேஜ்ல அசோசியேட் டிகிரின்னு, முழு டிகிரிக்கு ஒரு படி கீழ இருக்கிறத படிக்கணும், பொதுவா மூணு வருஷம் ஆகும். அதுல சேர்றதுக்கு முன்னாடியே நிறைய காலேஜ்ல அனாட்டமி, பிசியாலஜி, கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி எல்லாம் தனியா பாஸ் பண்ணியிருக்கணும். முடிச்ச பிறகு தேசிய அளவுல ஒரு எழுத்துப் பரீட்சை, அப்புறம் கைவேலைக்கு ஒரு பரீட்சை, அப்புறம் அந்தந்த மாநில லைசென்ஸ். அங்க பல் டாக்டர் கிட்ட போனா முக்கால் மணி நேரம் ஒருமணி நேரம் ஹைஜீனிஸ்ட்தான் உன்ன பாப்பாங்க, எக்ஸ்ரே எடுப்பாங்க, பல மாநிலத்துல மரத்துப் போற ஊசி கூட அவங்களே போடலாம், டாக்டர் கடைசில வந்து பாத்துட்டுப் போவார். 2023ல அங்க ஹைஜீனிஸ்ட்டோட நடுத்தர வருமானம் வருஷத்துக்கு 87,530 டாலர்னு அவங்க அரசாங்கக் கணக்கே சொல்லுது. அத்தை பொண்ணு பெருமையா சொல்றதுல தப்பே இல்ல.

ஆனா இங்க டிப்ளமா முடிச்சுட்டு அங்க போய் நேரா வேலைக்கு உக்கார முடியாதும்மா. அங்க உள்ள காலேஜ்ல திரும்ப படிக்கணும், அதுக்கு ஆகுற செலவு உங்க வீட்டு நெலமைக்கு இப்போதைக்கு யோசிக்கக்கூட வேணாம். வெளிநாட்ட மனசுல வெச்சு இந்தப் படிப்புல சேராத. வேலூர்லயோ சென்னைலயோ இந்த வேலைய செய்யப் பிடிக்குமான்னு மட்டும் பாரு.

இங்க நெலமை எப்படி? மறைக்காம சொல்றேன். நம்ம ஊர்ல முக்கால்வாசி கிளினிக்ல ஸ்கேலிங்க டாக்டரே பண்ணிடுவாங்க. அஞ்சு வருஷம் பிடிஎஸ் படிச்ச பசங்களே நிறைய பேர் வேலை தேடிகினு இருக்கறப்போ தனியா ஒரு ஹைஜீனிஸ்ட்டுக்கு சம்பளம் கொடுக்க சின்ன கிளினிக்காரங்க யோசிப்பாங்க. வேலை இருக்கிறது பெரிய ஆஸ்பத்திரிகள்ல, பல் மருத்துவக் கல்லூரிகள்ல, நாலஞ்சு சேர் போட்டு நடத்துற பெரிய கிளினிக்குகள்ல, ராணுவத்தோட பல் மருத்துவப் பிரிவுல. ஆரம்பத்துல சம்பளம் ஒரு நர்சிங் ஹோம்ல புதுசா சேர்ற பொண்ணுக்குக் கொடுக்கிறத விட பெருசா இருக்காது. யாராவது ஆரம்பத்துலயே நாப்பதாயிரம்னு சொன்னா நம்பாத.

டிகிரியா டிப்ளமாவான்னு உனக்குள்ள ஒரு குழப்பம் இருக்கு, அத்தை பொண்ணு டிகிரின்னு சொன்னதால. இதுக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்றேன். 2024ல ரயில்வே பாராமெடிக்கல் வேலைக்கு விளம்பரம் வந்துச்சு, அதுல டென்டல் ஹைஜீனிஸ்ட்னு ஒரு பதவி, அடிப்படை சம்பளம் 35,400. கேட்ட தகுதி என்னன்னா பயாலஜில ஒரு சயின்ஸ் டிகிரி, அதோட கவுன்சில் அங்கீகாரம் உள்ள ரெண்டு வருஷ ஹைஜீன் டிப்ளமா, அதோட ரெண்டு வருஷ அனுபவம். மூணும் வேணும். இடம் எத்தனைன்னா நாடு முழுக்க வெறும் மூணு. அத நம்பி படின்னு சொல்ல மாட்டேன், ஆனா அரசாங்கம் இந்த வேலைக்கு என்ன எதிர்பாக்குதுன்னு அதுல தெரியுது பாரு. அதனால நான் உனக்கு சொல்ற வழி இது: முதல்ல டிப்ளமா, பதிவு, அப்புறம் வேலை பாத்துகினே தபால் வழியிலயோ நேர்லயோ ஒரு டிகிரி. இல்ல முதல்ல டிகிரிதான் படிக்கணும்னு வீட்ல சொன்னா, வேலூர் முத்துரங்கம் காலேஜ் மாதிரி அரசு காலேஜ்ல விலங்கியலோ தாவரவியலோ எடுத்து முடிச்சுட்டு டிப்ளமாவுக்குப் போ. பீஸ் கம்மி, மூணு வருஷத்துல உன் மனசும் தெளிவாயிடும். ரெண்டுல எதுவும் தப்பில்ல. உங்க வீட்ல சீக்கிரம் ஒரு சம்பளம் வரணும்னா முதல் வழிதான் சரி.

டிப்ளமா எங்க நடத்துறாங்கன்னு பாக்கறப்போ சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரில முதல்ல விசாரி, அப்புறம்தான் தனியார். எங்க போனாலும் சரி, அங்கீகாரக் கடிதத்த காட்டச் சொல்லு, அது எந்த வருஷம் வரைக்கும்னு பாரு. 2023ல தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம்னு புதுசா பார்லிமென்ட்ல நிறைவேத்தியிருக்காங்க, பழைய 1948 சட்டத்துக்கு பதிலா வர்ற சட்டம் அது, அதனால நீ சேர்ற நேரத்துல என்ன விதி இருக்கோ அத மாநில கவுன்சில் ஆபீஸ்ல ஒரு போன் போட்டு கேட்டுக்கணும். அப்புறம் காலேஜ்ல இன்னொண்ணு கேளு, போன பேட்ச்ல முடிச்ச ஒருத்தரோட கவுன்சில் பதிவு நம்பர் கொடுங்கன்னு. கொடுத்தா நல்ல இடம். முழிச்சா எழுந்து வந்துடு.

ரெண்டு வருஷத்துல என்ன படிப்பன்னு கேட்டா, பல்லோட அமைப்பு, உடம்போட அமைப்பு, கிருமி, மருந்து, எக்ஸ்ரே, ஈறு நோய், சாமான் சுத்தம் பண்றது எல்லாம் வரும். ஆனா இந்தப் படிப்போட உயிரு கையில இருக்கு. முதல்ல பிளாஸ்டிக் பல் வெச்ச பொம்மை வாயில பழகுவ. பேனா பிடிக்கிற மாதிரிதான் ஸ்கேலர பிடிக்கணும், ஆனா நடுவிரல் கொஞ்சம் கீழ இறங்கி கம்பி மேலயே நிக்கணும், மோதிர விரல பக்கத்துப் பல்லு மேல ஊன்றணும், அந்த ஊன்றல் இல்லாம கை போச்சுன்னா ஈறு கிழிஞ்சிடும். எங்க உக்கார்றதுங்கிறத கடிகார மணி வெச்சு சொல்வாங்க, பேஷண்ட் தலை பன்னெண்டு மணி, நீ ஒம்போதுல உக்காரு, பதினொண்ணுக்கு நகருன்னு. ஈறுக்குள்ள காரைய சுரண்டுற கியூரெட்னு ஒரு சாமான், அதுல முன்பல்லுக்கு ஒண்ணு, கடவாப்பல்லோட முன்பக்கத்துக்கு ஒண்ணு, பின்பக்கத்துக்கு ஒண்ணு, எல்லாத்துக்கும் நம்பர். எனக்கே அத கை பழக ஒரு வருஷம் ஆச்சு. அதுலயும் கண்ணால பாக்க முடியாத இடம், ஈறுக்குள்ள, வெறும் விரல் நுனில வர்ற சொரசொரப்ப வெச்சே காரை இருக்கா போயிடுச்சான்னு தெரிஞ்சுக்கணும்.

காரைன்னு சொன்னேன் இல்ல, நீ உங்க அம்மா பல்லுல பாத்தது. அது என்னன்னு தெரிஞ்சா இந்த வேலை மேல உனக்கு ஆசை இன்னும் கூடும். பல்லு மேல தினமும் ஒட்டுற பிசுபிசுப்பான கிருமிப் படலத்த ஒழுங்கா தேய்க்கலன்னா எச்சில்ல இருக்கிற கால்சியம் அதுல படிஞ்சு கல்லாயிடும், அது ஆரம்பிக்க சில மணி நேரம் போதும், ரெண்டு வாரத்துக்குள்ள நல்லா கெட்டியாயிடும், அப்புறம் எந்த பிரஷ்ஷாலயும் வராது. கண்ணாடில பாரு, கீழ் முன்பல்லுக்குப் பின்னாடிதான் ரொம்ப சேந்திருக்கும், நாக்குக்குக் கீழ எச்சில் சுரப்பியோட வாய் அங்கதான் தொறக்குது, மேல் கடவாப்பல்லுல கன்னத்துப் பக்கமும் அதே மாதிரி. அந்தக் கல்லு மேல கிருமி உக்காந்து ஈறு வீங்கும், ரத்தம் வரும், உள்ள எலும்பு கரையும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்த கோடு போட்ட ஒரு மெல்லிசு கம்பிய விட்டு அளக்கறோம், ஒரு பல்லுக்கு ஆறு இடத்துல. மூணு மில்லிமீட்டர் வரைக்கும் பரவால்ல, நாலோ அதுக்கு மேலயோ போனா கவனிக்கணும். பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ரத்தக் குழாய் சுருங்கிப் போய் ஈறுல ரத்தம் கம்மியாதான் வரும், எனக்கு ஈறு நல்லா இருக்குதுன்னு நெனச்சுகினே இருப்பாங்க, அளந்து பாத்தா ஏழு எட்டு இருக்கும். சுகர் இருக்கிறவங்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டா சுகர் கட்டுக்கு வர்றதும் கஷ்டம்.

இங்க ஒரு நாளைக்கு பத்து பேராவது கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, "க்ளீன் பண்ணா பல்லு ஆடிப் போயிடுமாமே?" இதுக்கு பொறுமையா பதில் சொல்லத் தெரியணும் உனக்கு. ஏற்கனவே எலும்பு கரைஞ்ச பல்ல அந்தக் கல்லுதான் சிமெண்ட் மாதிரி பிடிச்சுகினு இருந்துச்சு, கல்ல எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரியுதுன்னு ஒரு பாட்டிக்கு புரியற மாதிரி, கோபப்படாம, நூறாவது தடவையா கேட்டாலும் சொல்லணும். இந்த ஊர்ல இன்னொரு விஷயம், ஆஸ்பத்திரிக்குன்னே வேலூருக்கு மேற்கு வங்காளத்துல இருந்தும் வடகிழக்குல இருந்தும் பங்களாதேஷ்ல இருந்தும் அவ்ளோ பேர் வராங்க, அவங்கள்ல பல்லு வலின்னு எங்ககிட்டயும் வருவாங்க. கொஞ்சம் இந்தி பேசத் தெரிஞ்ச பொண்ணுக்கு இங்க தனி மதிப்பு, இப்பவே கத்துக்க ஆரம்பி.

கஷ்டமும் இருக்கு. கழுத்து, முதுகு, மணிக்கட்டு மூணும் வலிக்கும், ஆரம்பத்துலயே சரியா உக்காரப் பழகலன்னா முப்பது வயசுலயே வலி நிரந்தரமாயிடும். ரத்தம், எச்சில் எல்லாம் முகத்துக்கு நேரா தெறிக்கும், அதனால சேர்றதுக்கு முன்னாடியே ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு டோஸும் போட்டுக்கோ, இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. நாத்தம் தாங்கணும். சில பேர் வாயைத் தொறந்ததும் குடல புரட்டும், அப்பவும் உன் முகத்துல அது தெரியக் கூடாது, ஏன்னா அவங்க ஏற்கனவே வெக்கப்பட்டுகினுதான் வந்திருப்பாங்க. இது எல்லாருக்கும் வராது, வரலன்னா அதுல அவமானமும் இல்ல.

அதனால படிப்புல சேர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் எங்கயாவது ஒரு கிளினிக்ல ஓரமா உக்காந்து பாரு. எங்கிட்டயே வா. குடியாத்தத்துல இருந்து காட்பாடிக்கு பஸ்ஸும் இருக்கு ரயிலும் இருக்கு, காலைல வந்து சாயந்திரம் போயிடலாம். பணம் எதுவும் வேணாம், சாமான் கழுவறதுல இருந்து கிருமி சாக ஆட்டோக்ளேவ்ல நீராவில வெக்கிறது வரைக்கும் பாரு, பேஷண்ட் எப்படி பயந்துகினு உக்கார்றாங்கன்னு பாரு. அஞ்சாவது நாளும் உனக்கு வரணும்னு தோணுச்சுன்னா எந்த காலேஜ்னு நாம உக்காந்து பேசலாம், அங்கீகாரக் கடிதத்த நானே படிச்சுப் பாக்கறேன்.

வர்றப்போ அம்மாவையும் கூட்டிகினு வா. ஒரு வாரம் கழிச்சு இல்ல, முதல் நாளே. நீ கடிதத்துல கடைசில போற போக்குல எழுதின அந்த ஒரு வரி, காரம் சாப்பிட்டா எரியுதுன்னு, உன் கேள்விய விட எனக்கு அதுதான் மனசுல நிக்குது. வருஷக்கணக்கா பாக்கு மெல்றவங்களுக்கு வாய்க்குள்ள தோல் மெதுவா இறுகிப் போற ஒரு நோய் வரும், அதோட முதல் அறிகுறியே இந்த எரிச்சல்தான், அப்புறம் கன்னத்து உள்பக்கம் வெளுத்துப் போகும், வாய் தொறக்கறது கொறைஞ்சுகினே வரும். சில பேருக்கு அது புத்துநோய் வரைக்கும் போகலாம், அதனாலதான் அவசரப்படுத்தறேன். வேற காரணத்துக்காகவும் எரியலாம், ரத்தம் கம்மியா இருந்தா, சத்து கம்மியா இருந்தா, நேர்ல பாக்காம நான் எதையும் முடிவா சொல்ல மாட்டேன், அம்மாவையும் பயமுறுத்தாத. இன்னைக்கு ராத்திரி ஒண்ணு மட்டும் பண்ணு, அம்மாவ வாய நல்லா தொறக்கச் சொல்லி அவங்க கையோட மூணு விரல நெட்டுக்குத்தா ஒண்ணு மேல ஒண்ணா பல்லுக்கு நடுவுல வைக்கச் சொல்லு. மூணும் போகுதா ரெண்டுதான் போகுதான்னு பாத்து எழுதி வெச்சுக்கோ. பாக்கு போடறத இன்னையில இருந்தே நிறுத்தச் சொல்லு, புகையிலை சேத்துப் போட்டா அதையும். கன்னத்துலயோ நாக்குலயோ வெள்ளையா செவப்பா திட்டு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாரு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு இருந்தா காத்திருக்காத, வேலூர் பக்கத்துல அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்கோ எங்கிட்டயோ நாளைக்கே வந்துடுங்க. நீ எழுதி வெச்சத கையோட எடுத்துகினு வா.